தட்டு வருவதற்குள்

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். இனி யாராவது ஒரு சகோதரர் எழும்பி ஜெபிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பாட்டுக்கு எண் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் இந்த மௌனம் இப்படியே கிடக்கும், யாரும் இதைத் தொடமாட்டார்கள். கெசியாவுக்கு இது பிறந்ததிலிருந்தே பழகிய மௌனம்தான். இந்தச் சபையில் போதகர் கிடையாது, அங்கி கிடையாது, பீடம் கிடையாது, அச்சடித்த ஜெபம் கிடையாது. நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேசையில் ஒரு அப்பம், ஒரு பாத்திரம், சுற்றிலும் பெஞ்சுகள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் முக்காடு போட்ட பெண்கள். பரிசுத்த ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழும்பலாம், எவ்வளவு அழகான ஏற்பாடு, யாரை வேண்டுமானாலும் ஏவலாம், பெண்களைத் தவிர. அவருக்கே எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் வரலாம், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று. இதை எங்கேயாவது சொல்ல வேண்டும், அடுத்த தடவை விடுதியில் ஜூலியிடம் சொல்ல வேண்டும், சிரிப்பாள். சே, இப்போது என்ன ஜூலி, என்ன சிரிப்பு. துப்பட்டாவை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள், இழுத்த கையோடு அதை உருவி எறிந்துவிடலாமா என்றும் இருந்தது. சென்னையில் தத்துவம் இரண்டாம் வருஷம், விவாத மேடையில் எதிராளி முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஓட்டை எங்கே என்று பிடித்துவிடுகிறவள் என்று பேர், இங்கே வந்தால் வாய் என்பது பாடுவதற்கும் அப்பம் வாங்குவதற்கும் மட்டும். அம்மா பக்கத்தில் கண்ணை மூடியிருக்கிறாள். அம்மாவின் கையில் இன்னும் ஈஸ்ட் வாடை இருக்கிறது, மேசையில் இருக்கிற அப்பம் நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில் உப்பிக்கொண்டிருந்த அப்பம்தான். அது உப்பிக்கொண்டிருந்தபோதுதான் சண்டை. திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்த்தால் அம்மா இடுப்பில் கிள்ளுவாள், இருபத்திரண்டு வயதானாலும் கிள்ளுவாள், ஆனால் திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, முதுகு முழுக்கத் தெரிகிறது, பெண்கள் பக்கம் கடைசியில், இடைவெளி விட்டுப் போட்டிருக்கிற அந்தப் பின் பெஞ்சில் பியூலா அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

பின் பெஞ்சு யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளுக்கு, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு, சபை ஐக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு. அப்பத் தட்டு அங்கே போகாது. கெசியாவும் முழுக்கு எடுக்கிறவரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், சின்னதில் அம்மா சுட்ட அப்பம் எல்லார் கைக்கும் போகும், தன் கைக்கு மட்டும் வராது என்பது எவ்வளவு பெரிய அநியாயமாக இருந்தது, வீட்டில் போய் அடம்பிடித்தால் அம்மா மிச்ச மாவில் சின்ன உருண்டை ஒன்று சுட்டுத் தருவாள், ஆனால் அது அது இல்லை, அது வெறும் ரொட்டி, அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. பியூலா அக்காவுக்கும் தெரியும். நாற்பது வயதை எட்டப்போகிற நர்ஸ், கல்யாணமாகாதவள், இதே கூடத்தில் முழுக்கு எடுத்து இதே கூடத்தில் நரைக்கத் தொடங்கியவள், சபையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊசி போட சைக்கிளில் வந்து நிற்கிறவள், இரண்டு வாரமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு அப்பமும் பாத்திரமும் சுற்றி முடிந்ததும் சபையை நடத்துகிற மூப்பர்களில் மூத்தவரான எபனேசர் அண்ணாச்சி எழும்பி அறிவிப்பார், நம்முடைய சகோதரி சபையின் ஒழுங்குக்குக் கீழ்ப்படியாதபடியினாலே ஐக்கியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள் என்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு. அதுதான் எரிகிறது, அவர் நிஜமாகவே வருத்தப்படுவார். கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. செய்த குற்றம் என்ன? பியூலா அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஒரு கண்டக்டர், ஓய்வு பெற்றவர், சாகக் கிடந்தார். சி.எஸ்.ஐ. கோயில்காரர். அவர்கள் போதகர், ஐயர் என்பார்கள், நற்கருணை அப்பம் கொடுக்க வந்தார். கண்டக்டருக்குப் பெண்டாட்டி இல்லை, மகன் துபாயிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அப்பத்தை நீட்டினால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். “எனக்குத் தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்ல சிஸ்டர், டிரைவர் வராம நான் ஒருநாளும் இலையில உட்கார்ந்ததில்ல, நீங்களும் ஒரு வாய் எடுங்க” என்றாராம். பியூலா அக்கா எடுத்தாள். கண்டக்டர் எடுத்தார். மறுநாள் விடிகிற நேரத்தில் போய்விட்டார். அடக்கத்தன்று மகன் எல்லார் முன்னாலும் நன்றி சொன்னான், எங்கப்பா தனியா எடுக்கல, பியூலா சிஸ்டர் கூட எடுத்தாங்க என்று. அங்கே நின்றவர்களில் இந்தச் சபைச் சகோதரர் ஒருவரும் இருந்தார். நன்றி சொல்லித்தான் மாட்டிவிட்டான். வேறொரு பந்தியில் கை வைத்தாள், நம்முடைய மேசையை அவமதித்தாள், இதுதான் குற்றம்.

யாரோ எழும்புகிற சத்தம். அப்பாவா? இல்லை, மரக்கடைச் சகோதரர், ‘எங்கள் பரம பிதாவே’ என்று தொடங்கிவிட்டார், இனி சீக்கிரம் முடியாது. அப்பா மேசைக்குப் பக்கத்தில், எபனேசர் அண்ணாச்சிக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார், மூப்பர்களுக்கான நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்துக்குப் பின்னால் முடி வெட்டின கோடு சுத்தமாகத் தெரிகிறது. அந்தக் கழுத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, பாவமாக இருப்பதால் இன்னும் கோபம் வருகிறது. அப்பா நேற்று என்ன சொன்னார்? கெசியா நேராகவே கேட்டாள், மாவு உப்பிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். “அப்பா, நாளைக்கு அறிவிக்கையில நீங்க என்ன சொல்லப் போறீங்க?” “நான் என்ன சொல்ல, மூப்பர் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.” “நான் சென்னையில விடுதிச் சாப்பல்ல அப்பம் எடுத்தேனே, அதுக்கு என்ன முடிவு?” அப்பா சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார், அதை மறக்கவே முடியாது, மகளைப் பார்க்கவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “சத்தத்தக் குறைட்டி. உன் காரியம் வேற.” “எப்படி வேற?” “நீ படிக்கப் போன பிள்ள. கூட்டாளி கூப்பிட்டா, போன. விவரம் தெரியாமச் செஞ்சது.” “தெரிஞ்சுதாம்ப்பா செஞ்சேன். ஒரு தடவைக்கு மேல செஞ்சேன். உங்ககிட்ட போன்லயும் சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க? யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னீங்க.” “இப்பவும் அதத்தான் சொல்லுதேன்.” “ஏன், நான் மூப்பர் மக, அக்கா யாருமில்லாதவ, அதானே?” அப்போதுதான் அப்பாவின் முகம் அடி வாங்கின மாதிரி ஆயிற்று. அம்மா அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரும் தின்னுட்டுச் சண்டை போடுங்க, தோசை ஆறுது, இவளுக்கு வக்கீலுக்குல்லா படிக்க வச்சிருக்கணும்” என்றாள். அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே, பிய்த்ததைச் சாப்பிடாமல், மெதுவாகச் சொன்னார்: “கெசியா, கீழ்ப்படியதுன்னா நமக்குச் சரின்னு பட்டதச் செய்யது இல்லம்மா. நமக்குச் சரின்னு படாததையும் அவருக்காகச் செய்யதுதான்.” கெசியா விடவில்லை. “அவருக்காகவா, எபனேசர் அண்ணாச்சிக்காகவா?” என்றாள். அப்பா எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த பிறகு தோசை இறங்கவில்லை.

மரக்கடைச் சகோதரர் இன்னும் சிலுவைக்கே வந்து சேரவில்லை. சரி, இதை ஒழுங்காக யோசிப்போம், வகுப்பில் யோசிக்கிற மாதிரி. வேறு பந்தியில் எடுத்தது தப்பென்றால் இரண்டு பேரும் தப்பு. தப்பில்லை என்றால் இரண்டு பேரும் தப்பில்லை. மூன்றாவதாக ஒரு வழி கிடையாது. இருக்கிறது, மூன்றாவதாக அப்பா இருக்கிறார். எழும்பிச் சொல்லிவிட்டால் என்ன? சகோதரர்களே, நானும்தான். ஐந்து வினாடி. பெண் சபையில் பேசக் கூடாது, சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அவ்வளவுதானே சட்டம், நான் வீட்டில் கேட்டாயிற்று, வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள், இனி எங்கே போய்க் கேட்பது? பேசினால் என்ன ஆகும்? வானம் இடியாது. அம்மா அழுவாள். எபனேசர் அண்ணாச்சி, “சகோதரி, உட்காருங்க” என்பார். அப்புறம் விஷயம் பியூலா அக்காவைப் பற்றியதாக இருக்காது, கெசியாவின் வாயைப் பற்றியதாக ஆகிவிடும், மெட்ராஸ்ல படிக்க அனுப்புனா இப்படித்தான் என்று, ஒரு மாசத்துக்கு அதையே பேசுவார்கள், பியூலா அக்கா பின் பெஞ்சிலேயே இருப்பாள். ஆக, பேசுவது பிரயோஜனமில்லை. ஆக, உட்கார்ந்திரு. இவ்வளவு அழகாகத் தர்க்கம் பண்ணி உட்கார்ந்திருக்கவா இவ்வளவு படித்தது? நெஞ்சு அடிக்கிறது. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், எழும்பி ஜெபிக்கச் சொல்லி ஆவியானவர் சொல்வது உங்களுக்கு எப்படிக் கேட்கும், காதிலா என்று. “காதுல கேக்காதும்மா. நெஞ்சு அடிக்கும். உட்கார முடியாது. எழும்புன பொறவுதான் அடங்கும்” என்றார். இப்போது அடிக்கிறது, உள்ளங்கை நனைகிறது, உட்கார முடியவில்லை, அப்பா சொன்ன அத்தனையும் இருக்கிறது. ஆனால் மேடை ஏறுவதற்கு முன்னாலும் இப்படித்தான் அடிக்கும். விவாதப் போட்டியில் கோப்பை வாங்கின அன்றைக்கும் இதே அடி, இதே வியர்வை, அன்றைக்குத் தலைப்பு பேருந்துக் கட்டண உயர்வு, அதில் எந்த ஆவியானவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியென்றால் இது எது? அவரா, நானா? என் நியாயமா, என் திமிரா? இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே மாதிரி அடித்தால் மனுஷி எதை வைத்துக் கண்டுபிடிக்க? கர்த்தாவே, நீர் பேசுகிறீர் என்றால் கொஞ்சம் வேறு குரலில் பேசக் கூடாதா, என் குரலிலேயேதான் பேச வேண்டுமா? ஜெபமா இது, இதுவும் விவாதம்தான், அவரிடமும் விவாதம். அம்மா சொல்வாள், நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்குதுன்னு கேப்ப என்று.

“ஆமென்” என்றார்கள். மறுபடியும் மௌனம். மின்விசிறி ஒன்று தலைக்குமேல் கடக் கடக் என்கிறது. பின்னால் பியூலா அக்கா இருமினாள், சின்ன இருமல், அடக்கின இருமல், அங்கே உட்கார்ந்தால் இருமக்கூட உரிமை குறைந்துவிடும்போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கிய கையோடு கெசியா அவளைத் தேடித்தான் போனாள், ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் பிடித்தாள். “நீங்க ஏன்க்கா திரும்பத் திரும்ப அங்க வந்து உட்காருதீங்க? அடுத்த தெருவுல கோயில் இருக்கு, அந்தக் கண்டக்டர் மகன் சொன்னதுக்கே உங்களக் கூப்பிட்டு முன்னால உட்கார வைப்பாங்கல்லா?” பியூலா அக்கா டீயை ஊதிக்கொண்டே, “அம்ம அடிச்சா, அடுத்த வீட்டுலயா போய்ப் படுப்ப?” என்றாள். “இது அம்ம அடிச்ச மாதிரியா இருக்கு? வெளிய தள்ளிக் கதவச் சாத்துத மாதிரி இருக்கு.” “சாத்துனா வாசல்ல படுப்பேன். எனக்கு வீடு இதுதான்ட்டி.” கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இப்படிப்பட்டவர்களால்தான் இவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று. “அப்ப ஒரு வார்த்த, மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்லா? அதையும் சொல்லமாட்டேங்கீங்களாம்.” பியூலா அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாவ. வருத்தப்படுதேன்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே முன்னால வந்து உட்காருன்னாவ. நான் சொன்னேன், அண்ணாச்சி, பின்னால உட்காருன்னு சொன்னீங்க, உட்காந்துட்டேன். வாயத் திறக்காதன்னு சொன்னீங்க, திறக்கல. வருத்தப்படுன்னு சொல்லுதீங்க, வரமாட்டேங்கே, நான் என்ன செய்ய? முழங்கால் போட்டுப் பாத்தேன். அந்த மனுசன் ஒரு துண்ட வாயில வச்சுக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிச்சாரு. அதுக்கு எப்படி வருத்தப்பட? வராதத வந்துச்சுன்னு கர்த்தர்ட்ட பொய் சொல்லவா?” சொல்லிவிட்டுச் சிரித்தாள், “நீ டீ குடிக்கியா, பிரசங்கம் பண்ணுததுக்கு மட்டுந்தான் வந்தியா?” என்றாள். கெசியாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பியூலா அக்கா கோபப்பட வேண்டும், நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும், அவள் கோபப்படாததால் அவளுடைய கோபத்தையும் சேர்த்து கெசியாவே சுமக்க வேண்டியிருக்கிறது. அது மட்டுமா? சாப்பலில் தான் எடுத்தது எப்படி என்று அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம், டீக்கடையில் யாரும் இல்லை, சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அக்காவின் அப்பத்துக்குப் பக்கத்தில் தன் அப்பம் வெட்கமாக இருந்தது, அதனால். அக்கா ஒரு மனுஷன் தனியாகச் சாகக் கூடாது என்று எடுத்தாள். கெசியா ஜூலியோடு போய், கிடார் நன்றாக வாசிக்கிறார்கள் என்று போய், வரிசையில் எல்லாரும் நகர்ந்தார்கள் என்று நகர்ந்து, அப்பாவின் சட்டத்தை மீறுகிறேன் பார் என்று கொஞ்சம் குஷியாகவே எடுத்தாள். கீழ்ப்படியாமை என்றால் அதுதான் கீழ்ப்படியாமை. விலக்குவதாக இருந்தால் அவளைத்தான் விலக்க வேண்டும். அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா பக்கத்தில், தட்டு வரும் என்று காத்துக்கொண்டு.

எபனேசர் அண்ணாச்சி எழும்பிவிட்டார். அப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்தோத்திரம் சொல்கிறார், அவருடைய குரலில் எப்போதும் இருக்கிற அந்த நடுக்கம், ஐம்பது வருஷமாக இதே அப்பத்தைப் பிட்டும் இன்னும் பழகிப்போகாத நடுக்கம், பொய் என்று சொல்ல முடியாத நடுக்கம். கர்த்தர் பலி கேட்டார் என்று மகனைக் கட்டிப்போட்டுக் கத்தியை ஓங்கின அந்தத் தகப்பனைப் பற்றிச் சொல்கிறார், கீழ்ப்படிந்தார், கேள்வி கேட்கவில்லை என்கிறார். இதே கதையை வைத்து வகுப்பில் கெசியா ஒரு மணிநேரம் வாதாடியிருக்கிறாள், அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா, விறகைச் சுமக்கவைத்து மலையேற்றினார்களே, அவனுக்குச் சொன்னார்களா என்று, பேராசிரியரே அசந்துபோனார். இன்றைக்குக் கதை அந்தப் பக்கம் போகவில்லை, வேறு பக்கம் திரும்புகிறது. அவள் அந்தப் பையன் இல்லை. அவள் கட்டவிழ்த்து விடப்பட்ட பையன். அவளை ஜன்னலைச் சாத்திக் காப்பாற்றிவிட்டார்கள். பையனுக்குப் பதிலாக வெட்டுப்பட, புதருக்குள்ளே கொம்பு சிக்கிக்கொண்டு நிற்கிறதே ஒரு ஆடு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதற்கு வீடு உண்டா, தகப்பன் உண்டா என்று அவளும் இத்தனை வாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடி ஆமென் சொல்கிறார். அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். நேற்று ராத்திரி தூங்கவில்லை, காலையில் கண் சிவந்திருந்தது, அம்மா கேட்டதற்குத் தூசி என்றார். எழும்புங்கப்பா. ஒரு வாக்கியம். நீங்கள் ஆண்பிள்ளை, மூப்பர், உங்களுக்கு எந்த வேலியும் இல்லை, எழும்பலாம். நெஞ்சு அடிக்கவில்லையா உங்களுக்கு? அப்பம் பிட்கப்படுகிற சத்தம், மேலோடு உடைகிற சின்னச் சத்தம், இந்த மௌனத்தில் அது எல்லாருக்கும் கேட்கும். தட்டு பெண்கள் பக்கம் வந்துவிட்டது. முதல் பெஞ்சு. ஒவ்வொருவராக ஒரு சின்னத் துண்டைப் பிட்டு வாயில் வைத்து அடுத்தவளிடம் நகர்த்துகிறார்கள், வளையல் சத்தம்கூடக் கேட்காமல். எடுத்துக்கொண்டால் முடிந்தது. எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ரயிலேறினால் சென்னை, நூலகம், ஜூலி, அங்கே போய் இந்தச் சபையின் அநியாயத்தைப் பற்றி எவ்வளவு நன்றாகப் பேசலாம், எல்லாரும் கேட்பார்கள். எடுக்காமல் அம்மாவிடம் தள்ளிவிட்டால்? அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்வாள். பேச முடியாது. பேசினால் அது என் வாயைப் பற்றியதாகிவிடும். பேசாமல் என்ன செய்ய முடியும், ஒரு பெண்ணுக்குப் பேசாமல் என்ன செய்ய அனுமதி? உட்காரலாம். பாடலாம். அழலாம். நடக்கலாம். பெண்கள் சபையில் நடக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. அட, ஓட்டை. கண்டுபிடித்துவிட்டாய், வக்கீலே. கண்டுபிடித்த சந்தோஷமே பயமாக இருக்கிறது, இது அவர் சொன்னதா, ஓட்டை கண்டுபிடிக்கிற புத்தி சொன்னதா, தெரியவில்லை, தெரியப்போவதில்லை, இரண்டாவது பெஞ்சுக்குத் தட்டு வந்துவிட்டது, தெரிந்த பிறகுதான் செய்வேன் என்றால் தட்டு காத்திருக்காது.

எழும்பினாள். முழங்கால் பெஞ்சில் இடித்து, மௌனத்தில் ஓர் இரும்புச் சத்தம். அம்மா துப்பட்டா நுனியைப் பிடித்துவிட்டாள். “எங்கட்டி போற? ஒண்ணுக்குப் போகணும்னா எடுத்துட்டுப் போ” என்று உதட்டுக்குள்ளேயே சீறினாள். கெசியா நுனியை மெதுவாக உருவிக்கொண்டாள். நடைபாதையில் இறங்கினால் வாசல் பக்கம் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை, பிறகு அவள் வாசலுக்குத் திரும்பாததால் எல்லாரும் பார்த்தார்கள். இவ்வளவு நீளமா இந்தக் கூடம்? பின் பெஞ்சில் பியூலா அக்கா கண்ணை மூடியிருந்தாள், பெஞ்சு அசைந்ததும் திறந்தாள். “கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? முன்னால போ, தட்டு வந்துட்டு” என்றாள் மூச்சில். “எனக்கும் இங்கதான்க்கா இடம். சென்னையில நானும் எடுத்தேன், வேற இடத்துல.” பியூலா அக்கா அவளை உற்றுப் பார்த்தாள், ஊசி போடுவதற்கு முன் நரம்பைத் தேடுகிற பார்வை. தட்டிக்கொடுப்பாள் என்றோ கையைப் பிடிப்பாள் என்றோ கெசியா எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்தாள்தான், இப்போதுதான் தெரிந்தது. “உங்கப்பாவுக்குத் தெரியுமா?” “தெரியும்.” “எப்ப இருந்து?” “நான் செஞ்சதுல இருந்து.” பியூலா அக்கா மேசைப் பக்கம் பார்த்தாள். “பாவம் மனுசன்” என்றாள், “இவ்வள நாளும் எப்படி முழுங்குனாரோ.” கெசியாவுக்கு உதட்டோரம் வரைக்கும் வந்துவிட்டது, பாவமா, அவரா, உங்களை இங்கே உட்காரவைத்துவிட்டு அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே என்று, ஆனால் அந்த வார்த்தைக்குக் கீழே வேறு ஒன்று இருந்தது, நேற்று அப்பா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தது, சாப்பிடாதது. தட்டு மூன்றாவது பெஞ்சில் அம்மாவிடம் வந்தது. அம்மா துண்டை எடுத்து வைத்திருந்தாள், வாயில் போடவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தாள், சபையில் அம்மா திரும்பிப் பார்த்ததே இல்லை. பிறகு போட்டுக்கொண்டாள். தட்டு கடைசிப் பெண்ணுக்கு வந்தது, அவள் இடைவெளியைத் தாண்டி ஒரு நிமிஷம் இவர்களைப் பார்த்துவிட்டு, ஆண்கள் பக்கம் கொடுத்தாள்.

ஆண்கள் பக்கம் தட்டு வேகமாகப் போகும், அவர்களுக்கு விரல் பெரிது. மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற மூப்பர்கள் கடைசி. நெஞ்சு அடங்கவில்லை. எழும்பின பிறகு அடங்கும் என்றாரே, பொய்யா, அல்லது எழும்பச் சொன்னது அவர் இல்லையா, அல்லது இன்னும் முடியவில்லையா? அப்பா திரும்பவே இல்லை, கழுத்துக் கோடு அசையவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும், இரும்புச் சத்தம் கேட்டபோதே தோள் இறங்கிவிட்டது, கெசியா பார்த்தாள். தட்டு அப்பாவின் கைக்கு வந்தது. வாங்கினார். ஒரு துண்டு எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுங்கப்பா. இது எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, இவ்வளவு நேரம் எழும்புங்கப்பா எழும்புங்கப்பா என்று கிடந்த மனசு, இப்போது எடுங்கப்பா, எடுத்துக்கோங்கப்பா, நான் சும்மா ஒரு திமிரில்தான் வந்து உட்கார்ந்தேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறது, ஜெயிப்பது என்றால் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. அப்பா துண்டு எடுக்காமலே தட்டை எபனேசர் அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி வாங்கப் போன கையை நிறுத்தினார். மூப்பர் அப்பம் எடுக்காமல் தட்டைத் தாண்டவிட்டதை அந்தக் கூடம் பார்த்ததில்லை. “சத்தியதாஸ்” என்றார் அண்ணாச்சி, ஆராதனைக்கு நடுவே, சகோதரர் என்று சேர்க்காமல், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, “என்னய்யா, மேலுக்குச் சுகமில்லையா?” அப்பா தட்டை மேசையில் வைத்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “அண்ணாச்சி, அறிவிப்புக்கு முன்னால… என் வீட்டுக் காரியம் ஒண்ணு…” என்றார், அதற்குமேல் வரவில்லை. கூடம் முழுக்கக் காத்திருந்தது, மின்விசிறி சுற்றியது, அப்பா தரையைப் பார்த்து நின்றார். அந்த வாக்கியத்தின் மிச்சம் கெசியாவிடம் இருந்தது, முழுசாக, எழுவாயிலிருந்து பயனிலைவரைக்கும், அவரைவிடத் தெளிவாக, நாக்கின் நுனியில் சூடாக இருந்தது, எழும்பிச் சொன்னால் அவருக்கும் லேசாகிவிடும், அவமானம் பாதியாகிவிடும். எழும்பப் போனாள். பியூலா அக்காவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது, எலும்பு நோகிற பிடி. “சும்மா இரு. அவரே சொல்லட்டும்.” சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? பல்லைக் கடித்தாள். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கெசியா அவருக்காக, ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்காமல், காத்திருந்தாள்.